இன்னும் பத்து நாள் ஆகட்டும்

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது விலைப் பலகை. கத்திரி, வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம் என்று வரிசையாகக் காய்களின் பெயர். எதிரே சாக்பீஸில் அன்றைய விலை. அம்மா பையை இடுக்கிக்கொண்டு அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழே ஒருமுறை வாசிப்பாள். விலையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. உள்ளே போன பிறகு யாரிடமும் "என்ன விலை" என்று கேட்க வேண்டியதில்லை. "கொஞ்சம் பாத்துக் கொடுங்க" என்று இழுக்க வேண்டியதும் இல்லை.

பேரம் இல்லாத இடத்தில் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வேறு எதைப் பேசுவார்கள்? காயைப் பேசினார்கள். எத்தனையாவது பறிப்பு, இன்னும் எத்தனை வாரத்துக்கு வரும், மழை தொடர்ந்தால் என்ன ஆகும், இதை வதக்கினால் நல்லதா புளி விட்டுக் கொதிக்கவைத்தால் நல்லதா. எந்த மாதத்துக்கு எந்தக் காய் என்று நான் அறிந்ததெல்லாம், அம்மாவின் பின்னால் இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அந்தப் பேச்சில் காதில் விழுந்தவை.

அதற்கு முன் எங்கள் வீட்டுக்குக் காய் வந்தது தள்ளுவண்டியில். எப்போதாவது கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டுக்கும் போவோம். அந்த மார்க்கெட் பிறகு மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது. இரண்டு இடத்திலும் பேச்சு முழுக்க எட்டணாவைப் பற்றியும் ஒரு ரூபாயைப் பற்றியும்தான். அவர் ஒரு விலை சொல்வார், அம்மா பாதியில் தொடங்குவாள், இரண்டும் நிஜமில்லை என்று இருவருக்கும் தெரியும். வண்டிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவரே விடியற்காலையில் மண்டியில் மூட்டையாக எடுத்து வருகிறவர். அந்தக் கத்திரி யார் கொல்லையில் காய்த்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. "நல்ல காயாண்ணே?" என்று கேட்டால் "நாட்டுக்காய்தான்மா" என்பார். எந்தக் காயைக் காட்டினாலும் அதே பதில்தான்.

1999 நவம்பர் 14, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை முதல்வர் கருணாநிதி எங்கள் அண்ணா நகரில் திறந்துவைத்தார். ஐப்பசியின் கடைசி நாட்கள். இதற்கு முன்மாதிரி உண்டு: பஞ்சாப் பக்கத்தில் 1987இலேயே அப்னி மண்டி வந்துவிட்டது, ஆந்திரத்தில் அதே 1999இன் ஜனவரியில் ரைத்து பஜார். நோக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், விளைவித்தவர் கையிலிருந்து சமைப்பவர் கைக்கு நேராக. ஆனால் தமிழ்நாட்டில் அது பரவிய வேகம் பெரிது. ஒன்றரை ஆண்டுக்குள் நூற்றை எட்டும் அளவுக்குச் சந்தைகள் வந்துவிட்டன.

உள்ளே கடை போட ஓர் அடையாள அட்டை வேண்டும். இன்னார் இந்த ஊரில் இவ்வளவு நிலத்தில் இன்னின்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுக்க, வேளாண்மைத் துறையினர் போட்டோ ஒட்டிய அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது. எடைத் தராசைக் காலையில் சந்தை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, போகும்போது ஒப்படைக்க வேண்டும். கூடைக்கும் மூட்டைக்கும் அரசு பஸ்ஸில் லக்கேஜ் கட்டணம் இல்லை. இந்தக் கடைசிச் சலுகையின் அருமை வேளாண்மை தெரியாதவர்களுக்குப் புரியாது. கால் ஏக்கரில் கீரை போட்டிருக்கும் ஒரு பெண் இரண்டு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்துபோக முடிந்தது அதனால்தான்.

பலகையில் ஏறும் விலைக்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்த விலை என்ன, வெளிக்கடைகளில் சில்லறை விலை என்ன என்று சந்தை அலுவலர்கள் விடிவதற்குள் விசாரித்துவிடுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் வருமாறு விலை போடுவார்கள். விவசாயிக்கு மண்டியில் கிடைத்ததைவிடக் கூடுதல், நமக்குக் கடையில் கொடுத்ததைவிடக் குறைவு. இடையில் கமிஷன் இல்லை.

யார் நிஜமான விவசாயி என்பதை அம்மா காய்க் குவியலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒருவர் முன்னால் பத்து வகைக் காய் அழகாக அடுக்கியிருந்தால் நகர்ந்துவிடுவாள். ஒரு குடும்பத்தின் நிலத்தில் ஒரே நேரத்தில் பத்து வகை பறிப்புக்கு வராது. அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு மண்டியில் எடுத்து வந்து விற்றவர்கள் அன்றைக்கே சிலர் இருந்தார்கள். அதிகாரிகள் நிலத்துக்கே போய்ச் சோதித்தும் அது முழுதாக ஒழியவில்லை. அம்மா போய் நிற்பது இரண்டு வகை, மிஞ்சினால் மூன்று வகை வைத்திருப்பவர்களிடம்தான். அதுவும் காய் ஒரே அளவாக இருக்கக் கூடாது. பிஞ்சும் நடுத்தரமும் கொஞ்சம் முற்றலுமாகக் கலந்து கிடக்க வேண்டும். ஒரே பாத்தியில் ஒரே நாளில் பறித்தால் அப்படித்தான் இருக்கும். பொறுக்கித் தரம் பிரித்த காய்க்கு ஏற்கெனவே இன்னொரு கை பட்டுவிட்டது என்று பொருள்.

அப்படிப் பழக்கமானவர்களில் ஒருவர் மேலூர்ப் பக்கத்து ஆத்தா. வடக்கு ஓரத்துக் கடை. மார்கழியில் ஒருநாள் அவரிடம் அவரைக்காய் மட்டும் இருந்தது. பக்கத்துக் கடையில் மொச்சை வந்துவிட்டது. அந்த வருஷத்து முதல் மொச்சை. அம்மாவின் கண் அங்கே போனதை ஆத்தா பார்த்துவிட்டார். எட்டி ஒரு காயை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அமுக்கிக் காட்டினார்.

"இன்னும் பத்து நாள் ஆகட்டும் தாயி. இப்ப தோலுதான் கெடக்கும், பருப்பு பிடிக்கல. எங்க காட்லயும் கெடக்கு, நான் பறிக்கல பாரு. நல்லாப் பனி எறங்கட்டும். பனி பட்ட மொச்சைக்குத்தான் வாசம்."

பக்கத்துக் கடைக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபப்படவில்லை. "வயித்துப்பாட்டுக்குப் பறிச்சுட்டேன் ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அம்மா அவரிடம் கால் கிலோவும் ஆத்தாவிடம் அவரையும் வாங்கினாள்.

கையில் பணத்தோடு நிற்பவரிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் வியாபாரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. பத்து நாள் கழித்தும் அதே இடத்தில் தான் உட்கார்ந்திருப்போம், அம்மா வந்து நிற்பாள் என்ற நிச்சயம் இருந்ததால் அவர் அப்படிச் சொல்ல முடிந்தது. அவர் சொன்னதில் பயிர் அறிவும் இருந்தது. நாட்டு மொச்சையும் நாட்டு அவரையும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் புரட்டாசியில் விதைத்தாலும் பனிக்காலத்துக்குத்தான் காய் தரும். எந்த மாதமும் கிடைக்கும் கட்டைச் செடி ரகங்கள் வந்துவிட்டன. அந்தக் காயை உரித்தால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவதில்லை, வாசமும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை என்பதைத் தை மாத மொச்சையை உரித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பத்து நாள் கழித்து ஆத்தாவிடம் மொச்சை வந்தது. பொங்கலுக்கு முந்திய அந்த வாரத்தில் சந்தையே வேறாகிவிடும். வாசலில் கரும்புக் கட்டு, இலையோடு மஞ்சள் கொத்து. உள்ளே சேனை, கருணை, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு, மண் உதிராத சிறுகிழங்கு. சிறுகிழங்கைத் தோல் சீவ உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். கத்தியே வேண்டாம் என்று சொல்லித் தந்ததும் சந்தையில்தான். தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் கட்டி, தரையில் நாலு தட்டுத் தட்டிப் புரட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா தட்ட, நான் சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்திருப்பேன். அந்தக் கிழங்கும் மொச்சையும் அவரையும் கத்திரியும் சேர்ந்த பொங்கல் குழம்பு மறுநாள் சுண்டவைத்தால் இன்னும் ருசிக்கும். ஆண்டு முழுக்க எல்லாக் காயும் கிடைக்கிற வீடுகளில் அந்தக் குழம்புக்காகக் காத்திருக்கும் பழக்கமே இல்லாமல் போகிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

மாசி, பங்குனியில் முருங்கை மலிந்துவிடும். அழகர்கோயில், நத்தம் பக்கத்திலிருந்து மாவடு வரும். காம்போடு இருக்கிறதா, கிள்ளினால் பால் வடிகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வெள்ளரிப் பிஞ்சும் மாங்காயும்தான் சந்தை. வெயில் ஏறுவதற்குள் கீரை வாடிவிடும் என்பதால் கீரைக்காரம்மாக்கள் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுவார்கள்.

வைகை அணையில் தண்ணீர் திறந்த செய்தி நாளிதழில் வரும். எங்களுக்கு அது சந்தையிலேயே தெரிந்துவிடும். அலங்காநல்லூர்க்காரர் ஒருவரிடம் வழக்கமாகக் கத்திரி வாங்குவோம். பெரியாறு கால்வாய்ப் பாசனம் அவர் நிலம். ஜூனில் இருபோகப் பகுதிக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அவர் கடை காலியாகக் கிடக்கும். நாற்றங்காலில் இருப்பார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தால் நடவு முடிந்தது என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு பங்குனியில் தக்காளி இருந்தது. குவியல் குவியலாக, நல்ல சிவப்பில். பலகையில் அன்று தக்காளிக்கு எழுதியிருந்த விலையைப் பார்த்து அம்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். ஒரு டீக்குக் கொடுக்கும் காசுகூட இல்லை. "பறிப்புக் கூலிக்குக் காணாது தங்கச்சி. விட்டா செடியிலயே அழுகிரும், மனசு கேக்கல" என்றார். அம்மா பலகை விலைக்கு மேல் பணத்தை நீட்டினாள். அவர் கணக்காக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். "ரெண்டு கிலோ கூட வாங்கிக்கங்க, அது போதும்." வாங்கினோம். தொக்கு கிளறினோம், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. பலகையின் கணக்கில் ஒரு குறை இருக்கிறது என்பது அன்று புரிந்தது. மொத்த விலையோடு 20 சதவீதம் கூட்டுவது நல்ல ஏற்பாடு. ஆனால் மண்டியில் விலை தரைமட்டத்துக்கு விழுந்தால் பலகையும் கூடவே விழுகிறது. நாற்றுக்கும் உரத்துக்கும் களையெடுப்புக்கும் ஆன செலவு அந்தக் கணக்குக்குள் எங்கேயும் வருவதில்லை. மழைக்காலத்தில் பூ உதிர்ந்து தக்காளி விலை ஏறும்போது ஊரே பேசுகிறது. விழும்போது பேச ஆளில்லை. பலகையில் விலைக்குப் பக்கத்தில், அதை விளைவிக்க என்ன செலவாயிற்று என்று இன்னொரு கட்டம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் அதையும் வாசிக்கட்டும்.

2001இல் ஆட்சி மாறியபின் பல ஊர்களில் உழவர் சந்தைகள் களையிழந்து போயின. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர் வந்தது. ஒரு திட்டத்தை யார் தொடங்கினார்கள் என்பதை வைத்து, அதில் காலையில் கூடையோடு வந்து உட்காருகிறவர்களின் பிழைப்பு ஏறி இறங்குவது நியாயமில்லை. அண்ணா நகர் சந்தை அந்த வருஷங்களிலும் நடந்தது, அதற்குக் காரணம் அக்கம்பக்கத்து வீடுகள் விடாமல் போனதுதான்.

பிறகு வேலை என்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனது. ஆர்.எஸ். புரம் உழவர் சந்தையில் அதே போன்ற பலகை, அதே போன்ற அட்டை. காய்கள் வேறு, மாதங்களும் வேறு. நீலகிரிக் கேரட்டும் பீட்ரூட்டும் இங்கே பக்கத்து மலைக் காய். அரசாணிக்காய், பொரியல் தட்டை, திட்டுத்திட்டாகச் சின்ன வெங்காயம். ஆடி என்றால் மதுரையில் அனல் காற்று, கீரை பேருக்குத்தான் இருக்கும். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசி, தூறலில் கீரை தழைத்து நிற்கும். அதனால் அம்மாவிடம் கற்ற மாதக் கணக்கை இங்கே அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. "ஏனுங்க்கா, இப்ப எதுங்க நல்லாருக்கும்?" என்று கேட்கப் பழகினேன். இந்த ஊர்ப் பெண்கள் கேட்டதற்கு மேலேயே சொன்னார்கள். "இன்னைக்கு வெண்டைக்கா வேண்டாங் கண்ணு, நாளானிக்குப் பறிக்கறம், அப்ப வாங்க" என்று ஒருவர் சொன்னபோது, கொங்குத் தமிழில் மேலூர் ஆத்தாவைக் கேட்ட மாதிரி இருந்தது.

ஒரு காய் மட்டும் இங்கே கிடைக்கவே இல்லை. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியவும் இல்லை. அதலக்காய்.

அம்மா பிறந்தது கள்ளிக்குடிப் பக்கம். கரிசல் காடு. ஐப்பசி மழை நனைத்ததும் அங்கே சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் அதலக்கொடி தானாகப் படரும். யாரும் விதைப்பதில்லை. கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, ஈரம் கண்டதும் முளைவிடும். பாகல் இனம்தான், ஆனால் பாகலைப் போல முரடாக இராது. கட்டைவிரல் நீளம்கூட வராது, மேலே வரிவரியாக ஓடும். கசப்பு பாகலுக்குக் குறையாது. இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் நிதானமாக வதக்க வேண்டும். புளிக்குழம்பும் வைக்கலாம்.

அதைப் பறித்த அன்றே சமைத்தாக வேண்டும். வைத்தால் வெடித்து விதை வெளியே வந்துவிடும். மண்டிக்குப் போய், கை மாறி, லாரி ஏறி, இன்னொரு ஊர்க் கடையில் காத்திருக்க அந்தக் காய்க்கு நேரமில்லை. காலையில் பறித்தவரே காலையில் கொண்டுவந்து விற்றால்தான் நகரத்தில் அதைச் சாப்பிட முடியும். உழவர் சந்தை வராமல் இருந்திருந்தால் அண்ணா நகரில் எங்கள் வீட்டு அடுப்பில் அது அத்தனை கார்த்திகைகளில் ஏறியிருக்காது. திருமங்கலத்துப் பக்கத்துப் பெண் ஒருவர் சிறு கூடையில் கொண்டுவருவார். விலை மற்றக் காயைவிட எப்போதும் கூட. ஒரு காட்டை முழுக்க நடந்து, கொடி கொடியாகக் குனிந்து பறித்தால் ஒரு கிலோ தேறும். அந்த உழைப்புக்கு அந்த விலை குறைவுதான் என்பாள் அம்மா.

போன கார்த்திகையில் மதுரைக்குப் போயிருந்தபோது சந்தைக்குப் போனேன். அந்த அம்மாவின் இடத்தில் அவருடைய மருமகள். கூடையில் ஒரு கிலோகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைந்துவிட்டது என்று கேட்டேன்.

"எல்லாரும் மக்காச்சோளம் போட்டுட்டாங்கக்கா. வெதச்ச ஒடனே களக்கொல்லி அடிக்கிறாங்க. அப்புறம் இது எங்கிட்டு மொளைக்கும்? எங்க காட்ல வேலியோரம் மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன். போன வருசம் கெழங்கத் தோண்டி அங்கன ஊணுனேன், பாதி பிடிச்சிருக்கு."

எனக்கு இரண்டு கிழங்கு தருவீர்களா என்று கேட்டேன். எங்கே ஊன்றப் போகிறேன் என்று விசாரித்தார். கோயம்புத்தூர் என்றதும் யோசித்தார்.

"செம்மண்ணா அங்கிட்டு?"

"சூலூர், பல்லடம் பக்கம் கரிசல் இருக்கு. எங்கூட வேலை பாக்குறவங்களுக்குத் தோட்டம் இருக்கு."

"அப்பச் சரி. ஆனா இப்பத் தோண்டுனா கொடியும் செத்துப்போகும், கெழங்கும் ஆகாது. கொடி நல்லாக் காஞ்சு, கெழங்கு தெரளட்டும். மாசி கழிச்சு வாங்க, எடுத்து மண்ணோட கட்டித் தாரேன்."

காயை எடைபோட்டுப் பையில் கொட்டினார். மதியத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிடச் சொன்னார். மாசி கழித்து வருகிறேன் என்று சொல்லி, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.